அரிட்டாபட்டியின் எல்லைக்கோடு

இயற்கை அமைப்புகள் மனிதருக்கு அளிக்கும் நீர், விளைச்சல், மகரந்தச் சேர்க்கை முதலிய பயன்களைச் சூழல் சேவைகள் என வழங்கும் அறிஞர்கள், அவற்றைக் காக்கும் முயற்சிகள் அரசின் கொள்கையை மாற்றினவா, மக்கள் வாழ்வை உயர்த்தினவா என்று அளவிட முற்படும்போது, மதுரை மாவட்டத்தில் மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டியை ஊன்றி நோக்க வேண்டும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்த 193 ஹெக்டேர் நிலம், இரண்டே ஆண்டுகளில், 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட டங்ஸ்டன் சுரங்க ஏலப் பரப்புக்குள் அடங்கிப்போனது. எதிர்ப்பு வலுத்தபின், மரபுத் தலத்தை மட்டும் விலக்கி எல்லையை மாற்றி வரையலாமா என்று ஆராயுமாறு ஒன்றிய சுரங்க அமைச்சகம் டிசம்பர் 2024-இல் கேட்டபோதுதான் அறிவிப்பின் வலிமையும் குறையும் ஒருங்கே புலப்பட்டன. மரபுத் தலத்தின் எல்லைக்கோட்டுக்குள் இருந்த குன்றுகளுக்கு அரண் கிடைத்தது, ஆனால் அக்குன்றுகளின் நீரை நம்பிய ஊர்களின் வயல்கள் பல கோட்டுக்கு வெளியே நின்றன, சேவை என்பதோ அந்த வயல்களில்தான் பயனாகிறது! 2025 ஜனவரி 7 அன்று சுரங்கத்தை எதிர்த்து நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி நடந்த உழவர்களுக்கு, அதே மாதம் 23ஆம் நாள் ஏலம் முழுவதுமாக இரத்தானதில் பெரும்பங்கு உண்டு. ஆகவே இத்தகைய திட்டங்களை மதிப்பிடுவோர், பறவையினங்களை எண்ணுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், கண்மாய்ப் பாசன உழவர் தம் நிலத்துக்காக வாதாட அந்த அறிவிப்பு எவ்வளவு துணைநின்றது என்பதையும் அவர்களிடமே கேட்டறிந்து பதிவுசெய்ய வேண்டும்.