அந்த இரண்டு வரிக் கடிதம்

ஆசிரியருக்கு,

தீவுப்பகுதி வைத்தியசாலை ஒன்றிலிருந்து என் அம்மாவை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். படகேறி, பஸ் பிடித்துக் கொண்டுவந்த கடிதத்தில் இருந்தவை இரண்டே வரிகள்: தலைச்சுற்று, மேலதிக பரிசோதனைக்கு. எப்போது தொடங்கியது, பிரஷருக்கு என்ன குளிசை போடுகிறா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ஒன்றுமே இல்லை. கிளினிக் வைத்தியர் எல்லாவற்றையும் அம்மாவிடமே கேட்டார். அவவுக்குக் குளிசையின் நிறம்தான் தெரியும். அங்கே எடுத்த இரத்தப் பரிசோதனையை இங்கே திரும்பவும் எடுத்தார்கள்.

எழுதிய இளம் வைத்தியரை நான் நோகவில்லை. அவருடைய அறை வாசலில் நின்ற சனத்தை நானும் பார்த்தேன். ஆனால் ஊசி போடப் பழக்குவது போலக் கடிதம் எழுதவும் பழக்க வேண்டும். எதற்காக அனுப்புகிறேன், நிபுணரிடம் என்ன கேட்கிறேன் என்பது முதல் வரியிலேயே இருக்க வேண்டும். வாசிக்கக்கூடிய எழுத்தில் மருந்தும் அளவும் வர வேண்டும். நிபுணரின் பதிலும் அனுப்பியவருக்குத் திரும்பிப் போக வேண்டும். அதுதான் அவருக்கு அடுத்த பாடம்.

மானிப்பாயில் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து, நூல்களையும் தமிழாக்கிய மண் இது. 1978இல் தொடங்கிய நமது யாழ்ப்பாண மருத்துவ பீடம், இறுதியாண்டு மாணவர்கள் எழுதும் கடிதங்களை விடுதியிலேயே நிபுணர்கள் திருத்திக் கொடுக்க வழிசெய்ய வேண்டுமென்று பணிவுடன் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
வேலணை