குட்டை மீன் குட்டையோடு இருக்கட்டும்

என் அக்கா மகன் பெங்களூருவில் வேலை பார்க்கிறான். தை மாசம் ஊருக்கு வந்தவன் ஒரு மெல்லிசான தூண்டில் கோலோடு பவானி ஆற்றுக்குக் கிளம்பினான். மண்புழுவும் இல்லை, மாவு உருண்டையும் இல்லை. முள்ளில் கோழி இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டி வைத்திருந்தான். இறகுக்கு எடை கிடையாது. தூண்டில் கயிறுதான் கனம். அதைச் சுழற்றி வீசினால், இறகும் கூடவே போய்ப் பூச்சி விழுந்த மாதிரி தண்ணீரில் விழுகிறது. வெளிநாடுகளில் ஆற்றுக் கெண்டையை இப்படிப் பிடிக்கிறார்களாம். கெண்டை அடிமண்ணைக் கிளறி மேயும்போது அதன் வாய்க்கு முன்னால் போடவேண்டும். நிழல் பட்டாலே ஓடிவிடும்.

பொழுது சாயும்வரை நின்று மூன்று மீன் பிடித்தான். இரண்டு சாதாக் கெண்டை, ஒரு ஜிலேபி. "மாமா, இதுல நம்ம ஆத்து மீன் எது?" என்று கேட்டான். ஒண்ணுகூட இல்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. போன மழையில் என் பண்ணைக்குட்டை நிரம்பி, கெண்டைக் குஞ்சுகள் வாய்க்காலில் போனதை நானே பார்த்தேன். "ஆத்துக்குத்தானே போகுது, போகட்டும்" என்று நின்றேன். அந்த நினைப்புதான் தப்பு.

சாதாக் கெண்டை 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. ஜிலேபி 1952இல் அதே இலங்கையிலிருந்து வந்தது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைப் பக்கத்து மீன்கள். குட்டையில் வளர்க்க இவை நல்ல மீன்கள்தான், நானும் வளர்க்கிறேன். ஆனால் ஆற்றில் சாதாக் கெண்டை சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும், நீர்ச்செடியைப் பிடுங்கும். ஜிலேபி பெருகி இடத்தைப் பிடிக்கும். உள்ளூர் மீனுக்கு இரையும் இல்லை, முட்டையிட இடமும் இல்லை.

காவிரியில் திமில் மகசீர் என்று ஒரு மீன் உண்டு. அதுவும் கெண்டைக் குடும்பம்தான். காவிரியும் அதன் துணையாறுகளும் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1946இல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. 1970களின் கடைசியிலிருந்து, மகசீரைப் பெருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடுதான், பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். அது வேறு ஆற்று இனம். அணை, மணல் கொள்ளை, தோட்டா போடுவது எல்லாம் ஒரு பக்கம் அடிக்க, வந்த மீன் பெருகியது, சொந்த மீன் ஒடுங்கியது. 2018இல் திமில் மகசீர் அழிவின் விளிம்பில் இருப்பதாக உலகப் பட்டியலில் ஏறியது. அதன் அறிவியல் பெயர் இன்னதென்று உறுதியானதும் அதே வருஷம்தான். பவானிசாகருக்குத் தண்ணீர் கொண்டுவரும் மாயாற்றில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

இந்தக் கதை நமக்குப் புதுசா? நல்லது என்று சொல்லித்தான் வீரிய விதை வந்தது. பாரம்பரிய நெல் எத்தனை ரகம் போச்சு என்று எண்ணியது பிறகுதானே! போன நெல்லை எங்கோ ஒரு பாட்டியின் குதிரில் தேடி எடுத்தோம். ஆற்று மீனுக்குக் குதிர் கிடையாது.

அதனால் குட்டை வைத்திருக்கும் உழவர்களுக்குச் சொல்கிறேன். வழிந்தோடும் வாயில் சின்னக் கண்ணி வலை கட்டுங்க. மழைக்காலத்துக்கு முன்னாடியே அறுவடையை முடிங்க. குட்டையைச் சுத்தம் செய்யும்போது மிச்சக் குஞ்சுகளை வாய்க்காலில் கொட்டாதீங்க. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வாங்கவே வாங்காதீங்க, அது தடை செய்யப்பட்டது. இடம் இருந்தால் விராலும் நாட்டுக் கெளுத்தியும் வளர்த்துப் பாருங்க.

தூண்டில்காரர்களுக்கும் ஒன்று. பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடுவது நல்ல பழக்கம். அதை நம்ம மீனுக்குச் செய்யுங்க. சாதாக் கெண்டையையும் ஜிலேபியையும் திரும்ப ஆற்றில் விடவேண்டாம். அன்றைக்கு நாங்கள் விடவில்லை. அக்கா குழம்பு வைத்தாள். மறுநாள் நானும் மருமகனும் குட்டை வாயில் வலை கட்டினோம்.