மலைச் சாரலில் ஊர் சமைத்தல்

சிக்கனம் என்றவுடன் விளக்கை அணைப்பதே நம் நினைவுக்கு வருகிறது. அணைக்க வேண்டியதுதான். ஆயின், நண்பகலிலும் விளக்கேற்றாமற் புத்தகம் படிக்க இயலாத வீட்டைக் கட்டிவிட்டு, அதனுள் இருப்போரைப் பார்த்து ‘விளக்கை அணையுங்கள்’ என்பது, கிணற்றை மேட்டில் வெட்டிவிட்டுக் குறைந்த கயிற்றில் நீர் இறைக்கச் சொல்வது போன்றது. மின்சாரச் செலவு மின்மானியில் தொடங்குவதன்று. வீட்டுக்கு நிலையம் எடுக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது. ஊருக்கு வரைபடம் கீறும்போது அதற்கும் முன்னரே தொடங்கிவிடுகிறது.

இதனை இப்பொழுது எடுத்துப் பேசுதற்குக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் வந்த டித்வா புயலின் பெருமழையாற் கண்டி மாவட்டத்து மலைகள் பல இடங்களிற் சரிந்தன. குடும்பங்கள் மண்ணுட் புதைந்தன. எஞ்சியோர் பலர் வீடிழந்தனர். அவர்களுக்கு வீடு வேண்டும். அதுவும் விரைவில் வேண்டும். நூறு வீடுகள் ஓரிடத்து எழுந்தால் அஃது ஓர் ஊராகிவிடும். ஊர் ஒருமுறை தவறாக எழுந்துவிட்டால் அதனைத் திருத்த இரண்டு தலைமுறையும் போதா. ஆதலின், அத்திவாரம் வெட்டுமுன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுதல் நமது கடமையாகும்.

கண்டி நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்தினுள் அமைந்தது. மகாவலி கங்கை அதனை மூன்று புறமும் வளைந்து செல்கிறது. அந்த ஆற்றை 1976இற் பொல்கொல்லையில் மறித்து வடக்கே திருப்பினோம். 1985இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டது. 210 மெகாவாட் மின்சாரம் தரவல்ல அவ்வணைக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. நம் வீட்டில் விளக்கொன்று எரியும்போது, அதற்காக ஓர் ஊர் நீருள் இருக்கிறது என்பதை நாம் நினைப்பதில்லை. 1996இல் வானம் பொய்த்தது, ஆறுகள் வற்றின, நாடெங்கும் மின்வெட்டு வந்தது. 2022 மார்ச் மாத இறுதியில் எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமையால், ஒரே நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. ஆறும் நம்மை முழுவதும் காவாது. கப்பலில் வரும் எண்ணெயும் நிலக்கரியும் காவா. எஞ்சி நிற்பது, குறைந்த மின்சாரத்தில் நிறைவாக வாழக்கூடிய வீடும் ஊருமே.

‘கூரையெங்கும் சூரியத் தகடுகளைப் பதித்துவிட்டாற் போதாதோ?’ எனச் சிலர் வினவுவர். பதிக்கட்டும், நன்றே. ஆயினும் ஒன்று கருதுக. நம் நாட்டில் மின்சாரம் மிகுதியாக வேண்டப்படுவது பொழுது சாய்ந்தபின். தகடு மின்சாரம் தருவதோ பகலில். 2025ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே தேவை குறைந்து மின்சாரம் மிகுந்தமையால், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபையே வேண்டிக்கொண்டது. மின்கலங்கள் பெருகுங்கால் இந்நிலை மாறலாம். எவ்வாறாயினும், ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவோன் முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும். கிணற்றை ஆழமாக்குவது அதற்குப் பின்.

வெயிலையும் காற்றையும் கணக்கிற் கொண்டு மனை வகுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. கட்டட நூல் வல்லோர் கோல் நட்டு, நிழல் பார்த்துத் திசை துணிந்து, கயிறிட்டு அளந்து அரண்மனை வகுத்த செய்தியை நெடுநல்வாடை கூறும். மதுரைக் காஞ்சியில் வரும் வீடுகள் காற்று வழங்கும் சாளரங்கள் பல உடையன. சிலப்பதிகாரத்துப் புகார் நகரிலோ, வணிகரும் தொழிலாளரும் நிறைந்த மருவூர்ப்பாக்கத்துக்கும் அரசன் முதலானோர் வாழ்ந்த பட்டினப்பாக்கத்துக்கும் இடையே, மரங்கள் அடர்ந்த சோலையில் நாளங்காடி அமைந்திருந்தது. இரு பகுதியாரும் வந்து கூடும் நடுவிடம், அங்கே நிழல், அந்நிழலிற் சந்தை. இவற்றை எடுத்துக் கூறுவது, எல்லாம் நம்மிடம் இருந்தன என்று மார்தட்டுதற்கன்று. அப்பாட்டுகளின் பொழிப்புரை பரீட்சைத் தாளோடு நின்றுவிடலாகாது. நம் கண்முன் எழும் ஊரோடும் அதனைப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதற்கே.

நிற்க. பழைய நூலிலன்றி அண்மைக் காலத்திற் சான்று கேட்பார்க்குக் கண்டியிலேயே ஒன்று உண்டு. மினெட் த சில்வா 1918இற் கண்டியிற் பிறந்தவர். இலங்கையின் முதற் பெண் கட்டடக் கலைஞர். கண்டி மலைச்சரிவில் 1949 தொடக்கம் 1951 வரை அவர் கட்டிய கருணாரத்ன இல்லம், மலையை வெட்டிச் சமமாக்கி அதன்மேல் அமர்ந்ததன்று. மேடும் தாழ்வுமாகத் தளங்களை வகுத்து மலையோடு இயைந்து நின்றது. 1950களின் பிற்பகுதியில் அவரிடம் பெரியதொரு பணி வந்தது. கண்டியை அடுத்த வட்டாபுலுவவில், அரசாங்க ஊழியர்க்கென 200க்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்பொன்றை அவர் வகுக்க வேண்டியிருந்தது. அவர் எழுதுகோலை முதலில் எடுத்தது வரைபடம் கீறுதற்கன்று, வினாக்கொத்து எழுதுதற்கு. குடிவரப் போகும் குடும்பங்களை அவர்தம் தேவையும் வழக்கமும் யாவை எனக் கேட்டார். இனத்தாலும் சமயத்தாலும் வேறுபட்ட அவர்கள் தந்த விடைகளைக் கொண்டு, ஒரே அச்சில் வார்த்தது போலன்றிப் பல வகை வீடுகளை வகுத்தார். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அங்கே மக்கள் வாழ்கின்றனர்.

ஊரைக் கீறுமுன் ஊருள் நடந்து பார்க்க வேண்டும் என்னும் கொள்கையைப் பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞரும் வற்புறுத்தினார். 1914, 1915ஆம் ஆண்டுகளிற் சென்னை மாகாணத்து நகரங்களைப் பார்த்து அறிக்கை எழுதியவர் அவர். 1921இற் கொழும்புக்கும் திட்டம் தந்தார். அவர் சொல்லிச் சென்றதை மினெட் த சில்வா வட்டாபுலுவவில் இன்னும் ஒருபடி முன்கொண்டு சென்றார். நடந்து பார்த்தலோடு நில்லாது, வாழப் போவாரை வாய்திறக்கச் செய்தார்.

கேள்வி கேட்டலுக்கும் மின்சாரச் சிக்கனத்துக்கும் யாது தொடர்பு? நெருங்கிய தொடர்பு உண்டு. விறகடுப்பில் சமைக்கும் குடும்பத்துக்குப் புகைபோக்கியில்லாத சிறு சமையலறையைக் கட்டிக் கொடுத்தால், அவர்கள் பின்புறத்தில் ஒரு தகரக் கொட்டிலை ஒட்டவைப்பார்கள். கொட்டில் எழுந்ததும் பின்சாளரம் அடைபடும். சாளரம் அடைபட்டால் வெளிச்சமும் காற்றும் நிற்கும். பின்னர் பகலிலும் மின்விளக்கு எரியும், மின்விசிறி சுழலும். கட்டட வல்லுநர் வரைந்த காற்றோட்டம் தாளிலேயே இருக்கும். கேளாமற் கட்டிய வீட்டைக் குடியிருப்பவர் தாமே திருத்துவர். அத்திருத்தத்தின் செலவு மாதந்தோறும் மின்கட்டணத்தில் வரும்.

கேள்விக்கு அடுத்தபடி மலையையும் ஞாயிற்றையும் நோக்க வேண்டும். கண்டி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் உள்ளது. ஆதலின் ஏப்பிரல் தொடக்கத்தில் ஒருமுறையும் செப்தெம்பர் தொடக்கத்தில் ஒருமுறையும் ஞாயிறு நேர் உச்சிக்கு வருகிறது. வெப்பத்தின் பெரும்பகுதி கூரைவழியே இறங்கும். அடுத்தபடியாகக் கிழக்கு மேற்குச் சுவர்கள்வழியே வரும். எனவே வீட்டின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்குதல் நன்று. தாழ்வாரம் அகன்றிருக்க வேண்டும். கூரையின் கீழே காற்று ஓட வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களிற் சாளரம் வேண்டும். இவ்வளவும் அமைந்தால், கண்டியின் தட்பவெப்பத்திற் குளிரூட்டும் பொறிக்கு வேலையில்லை. ஆனால் மலைச்சரிவில் நாம் விரும்பியபடி திசையைத் தேர்ந்துகொள்ள எப்போதும் இயலாது. சரிவு மேற்கு நோக்கினால் வீடும் மேற்கு நோக்கும். அங்கே மரமே துணை. பலாவும் கராம்பும் மிளகுக் கொடியும் கலந்து நிற்கும் கண்டி வீட்டுத் தோட்டம் மாலை வெயிலை மறைக்கும். வேரினால் மேல்மண்ணையும் ஓரளவு பற்றி வைக்கும். நிலத்தைச் சமப்படுத்தும் பொறியை ஓட்டி வந்து இருந்த மரம் அனைத்தையும் சாய்த்துவிட்டு, திறப்பு விழாவன்று ஒரு மரக்கன்று நடுவது எவ்வகைச் சிக்கனம்?

வீடு நன்கமைந்தும் வேண்டிய யாவும் தொலைவில் இருந்தால் பயன் குறைவு. காலைவேளையிற் கண்டிக்குள் நுழையும் வாகன வரிசையை யாவரும் அறிவர். பெயர்பெற்ற பாடசாலைகளும் ஆஸ்பத்திரியும் கச்சேரியும் சந்தையும் கிண்ணத்தின் அடியில். மக்களோ அதன் விளிம்பிலும் அதற்கு அப்பாலும். மலைகள் மறித்து நிற்றலால் வாகனப் புகையும் எளிதிற் கலைவதில்லை. நகரின் பழைய வீதிகளிற் கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த கட்டடங்கள் பல. அங்கே தொழிலுக்குப் போதற்குப் படியிறங்கினாற் போதும். புதிய குடியிருப்பிலும் கடைக்கும் தையலகத்துக்கும் முன்பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் முதலிலேயே இடம் ஒதுக்க வேண்டும். பஸ் வந்து திரும்ப வழி விட வேண்டும். அவ்வாறு செய்யாவிடின், ஒரு கொத்து உப்புக்கும் முச்சக்கர வண்டி பிடிக்கும் ஊராக அது முடியும்.

நீருக்கும் இதே கணக்குத்தான். 1000 லீற்றர் நீரை 100 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற, இழப்பு எதுவும் இல்லையெனினும் கால் அலகுக்கு மேல் மின்சாரம் வேண்டும். நடைமுறையில் ஏறத்தாழ அரை அலகு செல்லும். அவ்வரை அலகில் 9 வாட் விளக்கொன்று ஐம்பது மணி நேரத்துக்கு மேல் எரியும். பெருமழை பெய்யும் மலையிற் கூரைநீரைத் தொட்டியிற் பிடியாமல் ஓடவிட்டு, ஆற்றுநீரை மேலே ஏற்றுவது அறிவுடைமையாகாது.

இனி, எல்லாவற்றினும் முதன்மையானதற்கு வருவோம். வரிசை என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல் மலைநாட்டில் ‘லயன்’ ஆகி, ‘லயம்’ ஆயிற்று. இசையில் லயம் என்பது ஒத்திசைவு. சைவ நூல்களில் லயம் என்பது ஒடுக்கம். தோட்டத்து லயத்தில் ஒத்திசைவு இல்லை. ஒடுக்கம் மட்டும் உண்டு. 10 அடிக்கு 12 அடி அறையொன்றில் ஒரு குடும்பம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில், ஒருபுறம் புகுந்த காற்று மறுபுறம் வெளியேற வழியே இல்லை. நண்பகலிலும் இருள், அடுப்புப் புகை உள்ளேயே சுழலும். கேள்வி கேளாமல் வகுத்த குடியிருப்புக்கு இதனினும் தெளிந்த உதாரணம் வேண்டியதில்லை. 2023இல் ‘மலையகம் 200’ என நினைவு கூர்ந்தோம். அவ்வளவு காலமும் உழைத்தவர் பலர்க்கு இன்னும் சொந்த நிலம் இல்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அங்கே அபாயம் உண்டென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தும், போக்கிடம் இருக்கவில்லை.

இந்திய அரசின் உதவியால் 4,000 வீடுகளும், 2017இல் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் தோட்ட மக்களுக்கென ஏற்பட்ட திட்டங்கள். 7 பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்னும் கொள்கை மிகப் பெரிது. அதனை எக்காரணங்கொண்டும் கைவிடலாகாது. நிலத்தைச் சிக்கனப்படுத்துகிறோம் என்று கூறி, இம்மக்களை மாடி அடுக்குகளில் ஏற்றிவிடுவது லயத்தைப் படுக்கையிலிருந்து நிமிர்த்தி வைப்பதேயாகும். நகர நடுவிலே, விரும்புவார்க்கு, மாடிவீடு பொருந்தும். தோட்டத்தில் நிலமே மானம். அந்நிலத்தின்மீது வீடுகளை நெருக்கமாகச் சேர்த்து, கடையும் பள்ளியும் நடை தூரத்தில் வைத்து, எஞ்சிய சரிவை மரத்துக்கு விடுதல் இயலாத காரியமன்று.

‘கூடாரத்தில் இருப்பவரிடம் வினாக்கொத்து நீட்டிக்கொண்டிருப்பதா?’ எனலாம். நியாயமான கேள்வியே. ஆயின், கேட்டறியச் சில கிழமைகள் போதும். வீடு நிற்பதோ ஐம்பது ஆண்டு. நிலத்தின் உறுதியை ஆராய எப்படியும் காலம் எடுக்கும். அக்காலத்திலேயே மக்களையும் கேட்டுவிடலாம். ‘பல வகை வீடு என்றாற் செலவு கூடும்’ என்பது அடுத்த தடை. கதவும் சாளரமும் கூரைச் சட்டமும் ஒரே அளவாக இருக்க, அறைகளின் ஒழுங்கு மட்டும் மாறினாற் செலவு பெரிதும் ஏறாது.

இப்பணியில் நம்மனோர்க்கும் பங்கு உண்டு. வீடிழந்தோருட் பலர் தமிழர். திட்டங்களோ பெரும்பாலும் வேறு மொழிகளில் எழுதப்படுகின்றன. தமிழில் எவரும் கேளாத கேள்விக்குத் தமிழில் விடை வாராது. விடை வாராதபோது ‘அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை’ என்று எழுதிக்கொள்வது எளிது. கண்டிப் பகுதிப் பாடசாலைகளின் உயர்வகுப்பு மாணவரும், பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவரும், நமது இலக்கிய வட்டங்களும் ஒன்றுகூடி ஒரு வினாக்கொத்து ஆக்கலாம். அடுப்பு எது? நீர் எங்கிருந்து? வேலைக்கு எவ்வளவு நடை? பிள்ளை படிப்பது எவ்விடத்தில்? மழைக்காலத்தில் எந்தப் பக்கம் நனைகிறது? விடைகளை எழுதி, மொழிபெயர்த்து, பிரதேச செயலகத்திலும் நகர அபிவிருத்தி அதிகார சபையிலும் கையளிக்கலாம். அத்திவாரம் வெட்டுமுன் அத்தாள்கள் அங்கே போய்ச் சேர வேண்டும்.