கையில் தொழில் இருக்கிறது, சான்றிதழ் எங்கே?

கொழும்புக்குப் போன எமது பிள்ளைகள் எல்லோரும் கடைகளில் சாமான் கட்டிக்கொண்டிருக்கவில்லை. பலர் வெல்டிங் பட்டறைகளில் இருக்கிறார்கள். கேற், கிறில், கூரைச் சட்டம் எல்லாம் அவர்கள் கைபட்டு உருவாகின்றன. பாஸ் வராத நாளில் முழு வேலையையும் முடிப்பவன் எமது பிள்ளை. சம்பள நாளில் மட்டும் அவன் கையுதவி. ஏன் என்று கேட்டால், சான்றிதழ் இல்லை என்பார்கள்.

அந்தச் சான்றிதழைப் பெற வழி உண்டு. தேசிய தொழில் தகைமை (என்.வி.கியூ.) 1 முதல் 7 வரையான மட்டங்களைக் கொண்டது. வெல்டிங்கில் 4ஆம் மட்டம் பெற்றவர், மேற்பார்வையின்றித் தனியே வேலை செய்யக்கூடிய முழுமையான தொழிலாளி. மையத்தில் சேர்ந்து படித்துத்தான் இதைப் பெறவேண்டும் என்றில்லை. பட்டறையில் பழகியவர், மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்டியும் பெறலாம். இதற்கு முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். நைட்டா எனப்படும் பயிலுநர் அதிகாரசபையும் தொழிற்பயிற்சி அதிகாரசபையும் இதைச் செய்கின்றன.

ஆகவே பெற்றோரே, பிள்ளை தீபாவளிக்கு வீடு வரும்போது காசை மட்டும் கேட்காதீர்கள். எத்தனை வருடம் வேலை செய்தான் என்று முதலாளியிடம் கடிதம் வாங்கினானா என்றும் கேளுங்கள். செய்த வேலைகளைப் போனில் படம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். முகமூடி இல்லாமல் வெல்டிங் செய்கிறானா என்றும் விசாரியுங்கள். கண் போனபின் சான்றிதழ் எதற்கு?

வெளிநாடு போக நினைப்பவர்கள் இன்னொன்றையும் அறியவேண்டும். அங்கே கடதாசி மட்டும் போதாது, கையையும் சோதிப்பார்கள். 45 பாகை சாய்த்துப் பொருத்திய குழாயைத் திருப்பாமல் சுற்றிவர ஒட்டுவதே 6ஜி சோதனை. கேற் ஒட்டிய பழக்கம் அதற்குப் போதாது, தனிப் பயிற்சி வேண்டும். ஏஜென்சிக்குக் கொடுக்கக் கடன் வாங்குமுன் பயிற்சிக்குச் செலவழிப்பதே புத்தி.

இதில் சங்கத்துக்கும் கடமை உண்டு. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. விண்ணப்பப் படிவமும் மதிப்பீட்டாளரின் கேள்வியும் தமிழில் இருக்கவேண்டும். மதிப்பீட்டு நாட்கள் மலையகத்து நகரங்களில் நடக்கவேண்டும். ஒருநாள் சோதனைக்காக இரண்டுநாள் சம்பளத்தை இழக்க எமது பிள்ளைகளால் முடியாது. சம்பளப் பேச்சுக்கு உட்காருவது போலவே இதற்கும் நாம் உட்காரவேண்டும்.

வெல்டிங் தெரிந்த பிள்ளைகளின் பெயர்களைத் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். பட்டியல் கையில் இருந்தால்தான் கோரிக்கைக்குப் பலம்.