கேமராக்கள் தேடி வரும் பாலைவன ஏரி... அந்த அழகான தூண்கள் உண்மையில் ஒரு தழும்பு!

ஒரு ஃபிரேம்... ஒரு கதை!

1975-ல் வெளியான இசை ஆல்பம் அது. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்'. அந்த ஆல்பத்தோடு வந்த படங்களில் ஒன்றை ரசிகர்கள் இன்றைக்கும் விடாமல் பேசுகிறார்கள். கண்ணாடி போல அசையாத நீர்ப்பரப்பு. அதில் ஒருவர் தலைகீழாக டைவ் அடித்திருக்கிறார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனால், தண்ணீரில் ஒரு சின்ன அலைகூட இல்லை!

போட்டோஷாப் வேலையா? அந்த மென்பொருள் அப்போது பிறக்கவே இல்லை. நீருக்குள் தலைகீழாக நின்றபடி, அலை முழுவதும் அடங்கும் வரை அந்த மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அசைவற்றுப் போன நொடியில்... க்ளிக்!

அந்தப் படம் எடுக்கப்பட்ட இடம், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இருக்கும் மோனோ ஏரி. பாலைவனத்துக்கு நடுவே நீலமாக விரிந்து கிடக்கும் இந்த ஏரியைப் படம் பிடிக்க, உலகம் முழுவதிலுமிருந்து கேமராக்கள் வருகின்றன. கலிஃபோர்னியா போகும் நம்மவர்கள் தவறாமல் எட்டிப்பார்க்கும் யோசெமிட்டி தேசியப் பூங்காவிலிருந்து டயோகா கணவாய் வழியாகக் கிழக்கே இறங்கினால், மலையடிவாரத்தில் இந்த ஏரிதான் வரவேற்கும். (பனிக்காலத்தில் அந்தக் கணவாய்ச் சாலையை மூடிவிடுவார்கள்.)

பாலைவனத்தில் எப்படி ஏரி?

மேற்கே சுவர் மாதிரி நிற்கிறது சியரா நெவாடா மலைத்தொடர். பசிபிக் கடலிலிருந்து வரும் மேகங்கள் மலைக்கு அந்தப் பக்கமே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடும். இந்தப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். ஆனால், மலை உச்சியில் விழும் பனி உருகி, ஓடைகளாக இறங்கி வந்து ஏரியில் சேர்கிறது. கடல் மட்டத்திலிருந்து 6,300 அடிக்கும் மேலே இருக்கும் இந்த ஏரிக்குக் குறைந்தது 7,60,000 வயது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஏரிக்குள் தண்ணீர் வர வழி உண்டு, வெளியேற வழியே கிடையாது. வெயிலில் ஆவியாகிப் போனால்தான் உண்டு. தண்ணீர் மட்டும் போகும், அதில் இருந்த உப்பு தங்கிவிடும். இப்படி ஆண்டாண்டு காலமாகச் சேர்ந்த உப்பால், கடலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உப்பான நீர் இது. சோப்புத் தண்ணீர் போல வழவழப்பாகவும் இருக்கும். 19-ம் நூற்றாண்டில் இங்கே வந்த எழுத்தாளர் மார்க் ட்வைன், அழுக்குத் துணியை இந்த ஏரியில் முக்கி எடுத்தாலே வெளுத்துவிடும் என்று எழுதி வைத்திருக்கிறார். அவர் கண்ணுக்கு இது உயிரற்ற, அழகில்லாத இடமாகத்தான் தெரிந்திருக்கிறது!

மீன் இல்லை... ஆனால் விருந்து உண்டு!

இந்த ஏரியில் ஒரு மீன்கூடக் கிடையாது. ஆனாலும் லட்சக்கணக்கான பறவைகள் இங்கே வருகின்றன. காரணம், இரண்டே இரண்டு குட்டி உயிரினங்கள்.

முதலாவது, நகக்கண் அளவே இருக்கும் உப்பு நீர் இறால். நம்மூர் இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தீவனமாகப் போடும் ஆர்ட்டீமியாவின் நெருங்கிய சொந்தம். கோடையில் இந்த ஏரியில் கோடி கோடியாகப் பெருகும்.

இரண்டாவது, ஆல்கலி ஈ. கோடையில் கரையோரம் கறுப்புப் பட்டை போட்டதுபோல மொய்த்துக் கிடக்கும். 'ஐயே, ஈயா!' என்று ஓட வேண்டாம். இவை மனிதர்களைச் சீண்டுவதே இல்லை. நாம் நடந்தால், கால்வைக்கும் இடத்தில் அலை போல விலகி வழிவிடும். இந்த ஈ ஏரிக்குள் முங்கிப்போய் முட்டையிட்டுவிட்டு, உடம்பு நனையாமல் வெளியே வந்துவிடும். உடம்பெங்கும் நெருக்கமான ரோமம், அதன்மேல் மெழுகுப் பூச்சு. நீருக்குள் இறங்கும்போது உடம்பைச் சுற்றி வெள்ளி போல மின்னும் ஒரு காற்றுக்குமிழி உருவாகிறது. அந்த 'டைவிங் சூட்' ரகசியத்தைக் கால்டெக் ஆய்வாளர்கள் 2017-ல் விளக்கினார்கள். மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கரையோரம் மண்டியிட்டு உட்கார்ந்தாலே போதும், ஒரு நாள் போவதே தெரியாது.

இங்கே காலங்காலமாக வாழும் குட்ஸாடிகா பழங்குடி மக்களுக்கு, இந்த ஈயின் கூட்டுப்புழு சத்தான உணவு.

இந்த விருந்துக்கு வரும் பறவைகளில் கேமராக்காரர்களின் செல்லம், ஃபலரோப். தண்ணீரில் பம்பரம் போலச் சுற்றிச் சுற்றி, சுழலில் மேலே வரும் இரையைக் கொத்தும். இந்த இனத்தில் பெண்தான் பளிச்சென்ற நிறம். அடைகாப்பது ஆண்! வில்சன் ஃபலரோப் பறவைகள் கோடையில் இங்கே வந்து வயிறு முட்டத் தின்று கொழுத்து, இங்கிருந்து தென் அமெரிக்காவுக்குக் கிளம்புகின்றன. இலையுதிர் காலத்தில் வரும் காது முக்குளிப்பான்களோ, பறக்கவே முடியாத அளவுக்குத் தின்று பெருத்துவிடும். பிறகு உடம்பு இளைத்தால்தான் பயணம்.

இன்னொரு வேடிக்கை... மீன் பிடித்தே வாழும் ஆஸ்ப்ரே என்ற விரால் அடிப்பானும் இந்த மீனில்லா ஏரியில் கூடு கட்டுகிறது. நீருக்கு நடுவே நிற்கும் தூண்கள் குஞ்சுகளுக்குப் பாதுகாப்பு. சாப்பாட்டுக்கு மட்டும் பக்கத்து நன்னீர் ஏரிகளுக்குப் பறந்துபோய், மீனைக் காலில் கவ்விக்கொண்டு திரும்பும். அந்தக் காட்சிக்காகவே பெரிய லென்ஸோடு மணிக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

தூண்களா... தழும்புகளா?

மோனோ ஏரி என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது, நீரிலும் கரையிலும் கோபுரங்கள் போல நிற்கும் வெள்ளைத் தூண்கள்தான். இவற்றுக்கு டூஃபா என்று பெயர். ஏரியின் அடியிலிருந்து ஊறிவரும் நன்னீர் ஊற்றில் கால்சியம் இருக்கிறது. ஏரி நீரில் கார்பனேட் இருக்கிறது. இரண்டும் கலக்கும் இடத்தில் சுண்ணாம்புக்கல் படியும். படிந்து படிந்து தூணாக எழும்பும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தத் தூண்கள் நீருக்கு அடியில் மட்டும்தான் வளரும். அப்படியென்றால், இன்று கரையில் நாம் நின்று படம் எடுக்கும் தூண்கள் எப்படி வெளியே வந்தன?

தண்ணீர் இறங்கியதால்தான்!

தெற்கே 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது லாஸ் ஏஞ்சலஸ் மாநகரம். அதன் தாகம் தீர்க்க, 1941-ல் இந்த ஏரிக்கு வரும் ஓடைகளைத் திருப்பிக் கால்வாய் வழியாகக் கொண்டுபோனார்கள். வரத்து குறைந்தது, வெயில் குறையவில்லை. 1941-ல் 6,417 அடி உயரத்தில் இருந்த நீர்மட்டம், 1982-ல் 6,372 அடிக்கு வந்துவிட்டது. 45 அடி, அதாவது நாலு மாடிக் கட்டட உயரம் காலி! ஏரியின் நீர் பாதியாகக் குறைய, உப்பு இரண்டு மடங்கானது. வெளியே தெரிந்த ஏரிப்படுகையிலிருந்து காற்றடித்தால் உப்புப் புழுதிப் புயல் கிளம்பியது.

பறவைகளுக்கு விழுந்த அடி இன்னும் பெரிது. ஏரி நடுவே இருந்த நெகிட் தீவில் ஆயிரக்கணக்கான கலிஃபோர்னியா கடற்காகங்கள் கூடு கட்டி வந்தன. நீர் வற்றி, தீவுக்கும் கரைக்கும் நடுவே நிலப்பாலம் முளைத்தது. 1979-ல் கயோட்டி ஓநாய்கள் அதன் வழியாக நடந்தே தீவுக்குள் நுழைந்தன. பறவைகள் கூடுகளைக் கைவிட்டுப் போயின.

ஸ்லைடு படங்கள் சொன்ன கதை

1976-ல் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து இந்த ஏரியை ஆராய்ந்தார்கள். இப்படியே போனால் ஏரியின் உயிர்ச்சங்கிலியே அறுந்துவிடும் என்பது புரிந்தது. 1978-ல் டேவிட் கெயின்ஸ், சாலி கெயின்ஸ் உள்ளிட்ட சிலர் 'மோனோ லேக் கமிட்டி'யைத் தொடங்கினார்கள்.

அவர்களிடம் பணம் இல்லை. படங்கள் இருந்தன. ஸ்லைடு புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு கலிஃபோர்னியா முழுக்கச் சுற்றினார் டேவிட். பள்ளிக்கூடமோ, சங்கமோ, யார் கூப்பிட்டாலும் போய்ப் படம் காட்டினார். 'அது ஒரு செத்த ஏரி' என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள், திரையில் பறவைக் கூட்டத்தைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள்.

வழக்கு நீதிமன்றம் போனது. ஏரி போன்ற இயற்கை வளங்கள் மக்கள் எல்லோருக்கும் பொது, அரசு அவற்றுக்கு அறங்காவலர் மாதிரி, ஊருக்குத் தண்ணீர் ஒதுக்கும்போதும் அந்தக் கடமையை மறக்கக் கூடாது என்று 1983-ல் தீர்ப்பளித்தது கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பு நம் நாட்டுக்கும் வந்தது தெரியுமா? இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் நதியின் போக்கை ஒரு விடுதிக்காக மாற்றிய விவகாரத்தில், 1996-ல் தீர்ப்பு சொன்ன இந்திய உச்ச நீதிமன்றம், மோனோ ஏரி வழக்கை எடுத்துக்காட்டி அதே கோட்பாட்டை இந்தியாவுக்கும் பொருத்தியது. இங்கே நீர்நிலைகளைக் காக்க நடக்கும் வழக்குகளில் இன்றும் அந்தத் தீர்ப்பு கைகொடுக்கிறது.

1994-ல் கலிஃபோர்னியாவின் நீர்வள வாரியம், ஏரியின் மட்டம் 6,392 அடிக்கு உயரும் வகையில் ஓடைகளில் தண்ணீர் விட வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த நல்ல நாளைப் பார்க்க டேவிட் கெயின்ஸ் இல்லை. 1988-ல் பனி கொட்டிய ஒரு நாளில், சாலை விபத்தில் அவர் இறந்துபோயிருந்தார்.

உத்தரவு வந்து 30 ஆண்டுகள் கடந்தும் ஏரி அந்த மட்டத்தை எட்டவில்லை. பனி அதிகம் பெய்யும் ஆண்டில் ஏறுகிறது, வறட்சியில் இறங்குகிறது. இலக்கை எட்டினால், இன்று கரையோரம் நிற்கும் தூண்களில் பல மறுபடி நீருக்குள் போகும். உலகமே வந்து எடுக்கும் சில 'வியூ பாயின்ட்'கள் காணாமல் போகும். ஏரி பிழைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற ஒளிப்படக்காரர்கள், அதற்கும் சேர்த்தேதான் ஆசைப்பட வேண்டியிருக்கிறது!

படம் எடுக்கப் போறீங்களா? இதைக் கவனிங்க!

* தென்கரையில் இருக்கும் 'சவுத் டூஃபா' பகுதிதான் தொடங்குவதற்கு ஏற்ற இடம். சூரியன் உதிக்கும் முன்பே போய்விடுங்கள். காற்று அடங்கியிருக்கும், தூண்களின் பிம்பம் நீரில் உடையாமல் விழும். கிழக்கிலிருந்து வரும் முதல் வெளிச்சம், மேற்கே இருக்கும் பனிமலைகளைச் சிவக்க வைக்கும்.

* மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடும். 'அவ்வளவுதான்' என்று கிளம்பிவிடாதீர்கள். அதற்குப் பிறகுதான் வானம் நிறம் மாறும். அரை மணி நேரம் காத்திருந்தால் ஏமாற்றாது.

* மொபைல் போதும். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் நீர்ப்பரப்புக்குப் பக்கத்தில் வரும், பிம்பம் முழுசாகக் கிடைக்கும். வானத்தைத் தொட்டு எக்ஸ்போஷரை லாக் செய்யுங்கள். இல்லையென்றால் மேகமெல்லாம் வெளிறிவிடும்.

* இரவில் நட்சத்திரங்களைப் பிடிக்க ட்ரைபாட் அவசியம். வேலை முடிந்ததும் அதன் கால்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இந்த உப்பு உலோகத்தைச் சும்மா விடாது. லென்ஸில் தெறித்தால் உலர விடாமல் துடைத்துவிடுங்கள்.

* தூண்கள்மேல் ஏறவோ, உடைத்து எடுக்கவோ கூடாது. பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் பொலபொலவென உதிரக்கூடியவை. வளர்ந்தது பல நூறு ஆண்டுகளில், உடைவது ஒரு செல்ஃபியில்!

* ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 1 வரை தீவுகளை ஒரு மைல் தூரத்துக்குள் படகில் நெருங்கத் தடை. கூட்டில் இருக்கும் பறவை பதறி எழுந்தால், வெயிலில் முட்டையும் குஞ்சும் வாடிவிடும். கரையிலும் அதே கணக்குத்தான். பறவை உங்களைப் பார்த்துத் தலையைத் தூக்கினால், அதற்குமேல் ஓர் அடிகூட வேண்டாம்.

யாரும் எடுக்காத படம்

சவுத் டூஃபா வாகன நிறுத்தத்திலிருந்து ஏரிக்கரைக்கு நடந்து போக வேண்டும். அந்தப் பாதையோரம், இன்ன ஆண்டில் தண்ணீர் இங்கே இருந்தது என்று குறிக்கும் பலகைகள் நிற்கின்றன. சுற்றிலும் புதரும் மணலும்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஏரி எங்கோ கீழே தள்ளி மினுக்கிக்கொண்டிருக்கும்.

வெளிச்சம் போய்விடுமே என்ற அவசரத்தில் பலரும் அந்தப் பலகைகளைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். அங்கே ஒரு நிமிடம் நின்று, பலகையும் தூரத்து ஏரியும் ஒரே ஃபிரேமில் வருவதுபோல ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அதற்கு அப்புறம் தூண்களை எடுக்கப் போனால், அவை வேறு மாதிரித் தெரியும்!

(அடுத்த ஃபிரேம்... அடுத்த வாரம்!)