கிளட்சைக் கருக்கும் உரிமை

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குக் கியர் வண்டி?" திருநெல்வேலியில் இப்படிக் கேட்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அப்பா கேட்பார், அண்ணன் கேட்பான். கார் விற்கிற இடத்தில் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை நீட்டுகிற பையன் இதையே மரியாதையாகச் சொல்வான்: "நீங்க ஆட்டோமேட்டிக் எடுத்துக்கோங்க மேடம், உங்களுக்கு ஈசியா இருக்கும்." எல்லாம் அக்கறைதான். அந்த அக்கறையை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த அக்கறையின் உண்மையான எடையைத் தெரிந்துகொள்ள, கிளட்ச் மிகக் கடுமையாகச் சோதிக்கப்படும் இடத்துக்குப் போக வேண்டும். அது டிராக் பந்தயத்தின் புறப்பாட்டுக் கோடு. கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்ப்பாதை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்டிகள், நடுவில் ஒரு விளக்குக் கம்பம். பச்சை எரிந்ததும் பாய வேண்டும். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் போதும் என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். ஆனால் கையால் கியர் போடும் ஸ்போர்ட்ஸ் காரில் பந்தயத்தின் பெரும்பங்கு முதல் 60 அடியிலேயே தீர்மானமாகிறது. தீர்மானிப்பது இடது கால்.

நிற்கும் காரில் இன்ஜின் சுழல்கிறது, சக்கரம் சுழலவில்லை. இரண்டையும் சேர்த்து வைப்பது கிளட்ச். இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது காலை எடுத்தால் வண்டி திணறும், அணைந்தும் போகும். வேகமாகச் சுழலும்போது படாரென்று எடுத்தால் டயர் பிடிப்பை இழந்து இருந்த இடத்திலேயே சுற்றும். புகை வரும், வண்டி போகாது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவு இடம் இருக்கிறது. கிளட்ச் பிளேட் பட்டும் படாமலும் உரசுகிற அந்த இடத்தைத்தான் நம் ஊர் ஓட்டுநர்கள் 'ஆஃப் கிளட்ச்' என்கிறார்கள். அங்கே காலை நிறுத்தி, டயருக்குப் பிடிப்புக் கிடைக்கக் கிடைக்க விட வேண்டும். முன்சக்கரம் இழுக்கிற கார் என்றால் இன்னும் சிரமம். வண்டி பாயும்போது எடை பின்பக்கம் சாய்ந்துவிடும். இழுக்க வேண்டிய முன்சக்கரத்தில் அழுத்தம் குறையும். நம் தெருக்களில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

எத்தனை ஆயிரம் சுற்றில் வைத்துக் காலை எடுப்பது என்று எல்லாக் காருக்கும் பொதுவாக ஓர் எண் கிடையாது. கார் மாறும், டயர் மாறும், தரை மாறும், அன்றைய வெயில் மாறும். தப்பாக விட்டு, திரும்ப விட்டு, இன்னொரு முறை விட்டுத்தான் கால் கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு உரசலிலும் பிளேட் சூடாகிறது, தேய்கிறது, கருகுகிறது. அந்தக் கருகல் நாற்றம் இல்லாமல் இந்த வித்தை யாருக்கும் கைவராது.

நான் சொல்ல வந்தது இதுதான். திறமைக்கு ஒரு விலை உண்டு. கற்றுக்கொள்ளும்போது பாழாகிற பொருள்தான் அந்த விலை. நம் வீடுகள் அதை மகன்களுக்காகக் கட்டுகின்றன, மகள்களுக்காகக் கட்டுவதில்லை. கட்டாமல் விட்டுவிட்டு, "உனக்கு வராது தாயி" என்று மகளிடம் சொல்கின்றன.

வீட்டுக் கணக்கைப் பாருங்கள். மகன் பைக்கைக் கீழே போட்டு இண்டிகேட்டரை உடைத்து வந்தால், "பய பழகுதான்" என்று மெக்கானிக்கிடம் அனுப்புவார்கள். மகள் ஸ்கூட்டரைச் சுவரில் உரசினால் அந்தக் கீறல் அவள் கல்யாணம் வரைக்கும் பேசப்படும். அந்த பைக்கை வாங்குவதற்கு அடகுக்குப் போனது பெரும்பாலும் அம்மாவின் வளையலாக இருக்கும். இது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. தாமிரபரணியின் குறுக்கே 1843இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கட்ட சுலோசன முதலியாரின் மனைவி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று இங்கே சொல்வார்கள். பாலத்துக்கு சுலோசன முதலியார் பாலம் என்று பெயர்.

அடுத்தது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. பாளையங்கோட்டையில் நான் பணம் கட்டிப் படித்த பள்ளியின் காரில், எல்லாப் பயிற்சிக் கார்களையும்போல, சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் கிளட்ச், பிரேக் பெடல்கள் இருந்தன. ஆபத்துக்கு உதவ வைத்த பெடல் அது. பெண்கள் ஓட்டும்போது அவர் கால் அதைவிட்டு இறங்கவே இல்லை. கிளட்சை அவரே மிதிப்பார், அவரே விடுவார். நாங்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்போம். எனக்கு முந்தின வகுப்புப் பையனிடம், "எல, நீயே விடு, அணைஞ்சா அணையட்டும்" என்றவர், என்னிடம் "நீங்க ரோட்டைப் பாருங்க, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். பயிற்சி முடிந்து உரிமம் வாங்கிய பெண்களில் பலர் ஒரு தடவைகூடத் தங்கள் காலால் வண்டியைக் கிளப்பியதில்லை. பிறகு ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, அந்தப் பெண்ணின் கார் அணைந்தால், "லேடீஸ் டிரைவிங்" என்று சிரிப்பார்கள். அந்த வண்டியை அணைத்தது யார் கால்?

அரசாங்கமும் இதே அக்கறையோடுதான் வந்தது. 2018இல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வேலைக்குப் போகும் பெண்களுக்கு விலையில் பாதியை, 25,000 ரூபாய் வரைக்கும், மானியமாகக் கொடுத்தது. நல்ல திட்டம். அதனால் வேலைக்குப் போய்வர முடிந்த பெண்களை நான் அறிவேன். ஆனால் அதன் விதியில் 125 சிசிக்கு மேல் போகக்கூடாது என்பதோடு, கியர் இல்லாத அல்லது தானாகக் கியர் மாறும் வண்டியாக இருக்க வேண்டும் என்றும் இருந்தது. பெண்ணுக்கு எது முடியும் என்பதை அவளைக் கேட்காமலே கோப்பில் எழுதிவிட்டார்கள்.

இதே தமிழ்நாட்டில் 1990களின் தொடக்கத்தில் வேறொன்று நடந்தது. புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தது. லேடீஸ் சைக்கிள் போதுமான அளவுக்குக் கிடைக்கவில்லை. பெண்கள் குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள். பிள்ளையை உட்கார வைக்க அந்தக் கம்பி வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 'உங்களுக்குக் கஷ்டம்' என்று ஒதுக்கிய வண்டியை, கையில் கொடுத்ததும் தங்கள் தேவைக்கு வளைத்துக்கொண்டார்கள். அவர்கள் விழுந்தபோது யாரும் சைக்கிளைப் பிடுங்கவில்லை. அந்த இயக்கத்தின் பலமே அதுதான்.

பந்தயத் திடலில் பெண்கள் இல்லாமல் இல்லை. சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா மோட்டார் சைக்கிளிலும் காரிலும் ஆண்களோடு ஓட்டிப் பெயர் எடுத்தவர். அவருடைய அப்பாவே தேசிய அளவில் வென்ற மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். அலிஷாவின் திறமையைக் குறைத்துச் சொல்ல இதைச் சொல்லவில்லை. மகள் உடைப்பதைச் செலவாகப் பார்க்காத வீடு அமைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர் சாட்சி. அப்படிப்பட்ட வீடு இல்லாதவர்களுக்கு ஓடுதளமும் தூரம். இருங்காட்டுக்கோட்டை எங்கள் ஊரிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தால், தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பெண்களுக்கான பிரிவின் பெயர் 'கேர்ள்ஸ்'. வேலை பார்த்து, வரி கட்டி, எலும்பு முறிந்து, திரும்ப எழுந்து வருகிற பெண்களும் அங்கே சிறுமிகள்தான்.

டிராக் பந்தயத்தில் எனக்குப் பிடித்தது அந்த விளக்குக் கம்பம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பச்சை. அமெரிக்காவில் ஷெர்லி மல்டவுனி 1973இல் அந்நாட்டின் மிக வேகமான 'டாப் ஃபியூயல்' வகைக்கு உரிமம் பெற்ற முதல் பெண். 1977, 1980, 1982 என்று மூன்று முறை அந்த வகையில் சாம்பியன் ஆனார். பெண்களுக்கான தனிக் கோப்பை அல்ல அது. 1984இல் விபத்தில் கால்கள் நொறுங்கின, 1986இல் திரும்ப வந்து ஓட்டினார். ஆண் உடைந்து மீண்டால் அதை வீரம் என்போம். பெண் உடைந்தால், "அப்பவே சொன்னேன்லா" என்போம்.

"பந்தயம் எல்லாம் பணக்காரப் பேச்சு. நம்ம பிள்ளைகளுக்கு அதனால் என்ன?" என்று கேட்பீர்கள். தாமிரபரணிப் பாசன வயல்களுக்கு வாருங்கள். காரும் பிசானமும் பெண்களின் குனிந்த முதுகில் விளைந்தவை. நாற்றுப் பறித்து நட்டதும் அவர்கள், களை எடுத்ததும் அவர்கள், அறுத்ததில் பெரும்பங்கும் அவர்கள். இப்போது நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன. முதுகு தப்பித்தது, நல்லது. ஆனால் போனது பெண்களின் கூலி. அந்த இயந்திரத்தின் இருக்கையில் உட்கார்ந்திருப்பது ஆண். பத்துப் பெண்கள் செய்த வேலையின் சம்பளம் கியரும் கிளட்சும் தெரிந்த ஒருவனிடம் போய்ச் சேர்கிறது. அவன் எங்கே கற்றான்? மாமாவின் டிராக்டரில், வயலில், வரப்பை இடித்து, திட்டு வாங்கி, மறுநாளும் ஏறிக் கற்றான். அவன் அக்காவை அந்த டிராக்டரில் யாரும் ஏற்றவில்லை.

ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். பக்கத்துக் குமரி மாவட்டத்தின் வசந்தகுமாரி 1993இல் அரசுப் பேருந்து ஓட்டுநராகப் பணியில் சேர்ந்தார். தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவர். 2017இல் ஓய்வு பெறும்வரை ஓட்டினார். பயணிகளை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்ற வண்டியைக் கிளப்பினார். அதன் பிறகும் பெண் பஸ் ஓட்டினால் நமக்கு அது செய்தியாக இருக்கிறதே, அதுதான் வெட்கம்.

இரண்டு மறுப்புகள் வழக்கமாக வரும். முதலாவது உடம்பு. "கிளட்ச் மிதிச்சு மிதிச்சு கர்ப்பப்பை இறங்கிரும்." தண்ணீர்க் குடத்தை இடுப்பில் சுமந்தபோதும், கல்லும் மண்ணும் சட்டியில் தூக்கியபோதும், பீடித்தட்டோடு காலை மடக்கி நாள் முழுக்க உட்கார்ந்தபோதும் யாரும் கர்ப்பப்பையை நினைக்கவில்லை. 1890களில் பெண்கள் சைக்கிள் ஏறியதும், முகம் கோணிப்போகும் என்று இங்கிலாந்து மருத்துவர்கள் சிலர் எச்சரித்தார்கள். பெண் வண்டி ஏறும்போதெல்லாம் அவள் உடம்பின் மேல் அக்கறை வந்துவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. "மின்சாரக் கார் வந்தாச்சு, கிளட்சே இருக்கப் போவதில்லை, இதற்கு ஏன் சண்டை?" நூறு வருடங்களுக்கு முன்பும் இது நடந்தது. அமெரிக்காவில் ஆரம்பகால மின்சாரக் கார்களைப் பெண்களுக்கு ஏற்றவை என்று விளம்பரம் செய்தார்கள். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியதே மின்சாரக் கார்தான். கைப்பிடி சுற்றாமல் பொத்தானால் கிளம்பும் வசதி 1912 கேடில்லாக் காரில் வந்தபோது அதையும் பெண்களுக்கான சொகுசு என்றார்கள். ஆண்கள் எல்லோரும் அதற்கு மாறியதும் அது சொகுசாக இல்லை, தொழில்நுட்பம் ஆகிவிட்டது. ஆக, எளிமையை நாம் வைத்திருந்தால் பலவீனம், அவர்கள் வைத்திருந்தால் முன்னேற்றம். ஆட்டோமேட்டிக் ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. இரண்டும் தெரிந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும், ஒன்றை மட்டும் கையில் திணிப்பதும் ஒன்றாகாது. கிளட்ச் போன பிறகும் வேறொரு கருவி வரும். அதையும் யாரோ பாழாக்கித்தான் கற்பார்கள். அந்த யாரோவில் நம் மகள்கள் இருப்பார்களா என்பதுதான் கேள்வி.

நால்வழிச் சாலையில் பந்தயம் விடச் சொல்லவில்லை. அது குற்றம், அதில் செத்த பையன்களுக்காக அழுத அம்மாக்கள் நம்மில் உண்டு. நான் கேட்பவை சின்னவை. பயிற்சிக் காரில் பெண் ஓட்டும்போது உங்கள் காலை அந்தப் பெடலிலிருந்து எடுங்கள், ஆபத்து வந்தால் வையுங்கள். மானியம் கொடுக்கும் அரசாங்கம் கியரைப் பற்றிய முடிவை ஓட்டுகிறவளிடம் விடட்டும். வேளாண் பொறியியல் துறை வாடகைக்கு விடும் இயந்திரங்களை ஓட்ட, அந்த இயந்திரங்களால் கூலி இழந்த பெண்களுக்கு முதலில் பயிற்சி கொடுக்கட்டும்.

வீட்டுக்கு ஒன்று. மகளுக்குப் பவுன் சேர்க்கிறீர்கள் அல்லவா? அதில் ஒரு கிளட்ச் பிளேட்டின் விலையைத் தனியாக எடுத்து வையுங்கள். அவள் அதைக் கருக்கட்டும். நாற்றம் வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, அவளைத் திரும்பவும் கிளப்பச் சொல்லுங்கள்.