ஃபேன் மாத்தினா காசு மிச்சமா? முதல்ல ஈபி கார்டைப் பாருங்க



"பிஎல்டிசி ஃபேன் வாங்குங்க, ஒன்றரை வருஷத்துல போட்ட காசு திரும்பிடும்"னு ஒரு ஃபார்வர்டு எல்லா குரூப்லயும் சுத்துது. இன்ஜினியரிங் படிச்ச பாவத்துக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பாதி உண்மை.

சாதா ஃபேன் 75 வாட். பிஎல்டிசி சுமார் 30 வாட். தினமும் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். அதுவரை சரி. அந்த 32 யூனிட் எத்தனை ரூபாய் என்பதுதான் வீட்டுக்கு வீடு மாறுது.

2022 செப்டம்பர் கட்டணத்தை எடுத்துக்குவோம் (பிறகு ஏறியிருக்கு, கணக்கோட போக்கு அதேதான்). 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐத் தாண்டினதும் இரண்டாவது நூறு யூனிட்டுக்கான 2.25 ரூபாய் சலுகை போய், அதுவும் 4.50 ஆகிடும்.

590 யூனிட் ஓடுற வீட்டுல மூணு ஃபேன் மாத்தினா 493-க்கு இறங்கும். பில் 2,670-லிருந்து 1,683. ஃபேன் 3,000 ரூபாய்னா, போட்ட 9,000 ஒன்றரை வருஷத்துல வந்துடும். ஃபார்வர்டு எழுதினவர் வீடு இதுதான் போல.

180 யூனிட் வீட்டுக்கு? ஒரு ஃபேனுக்கு பில்லுக்கு 73 ரூபாய். 3,000 திரும்ப ஏறக்குறைய ஏழு வருஷம்.

100 யூனிட்டுக்குள் இருக்கிற வீட்டுக்குப் பைசா மிச்சமில்லை. பில்லே வராதே! அங்கே மிச்சமாகிறது அரசோட மானியப் பணம். யூனிட்டுக்கு 4.50 என்றே வைத்தாலும், அந்த வீட்டுக்கு அரசே ஒரு ஃபேன் கொடுத்தால் மூன்றரை வருஷத்துல செலவு திரும்பிடும். மொத்தமா வாங்கினா இன்னும் சீக்கிரம். 2011-ல் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்த மாநிலம்தானே இது? லாபம் அரசுக்குப் போகுதுன்னா முதலீட்டையும் அரசுதான் போடணும். ஏழை வீட்டுக்காரர்கிட்ட "மின்சாரத்தைச் சேமியுங்கள்"னு போஸ்டர் ஒட்டுறதுல அர்த்தமே இல்லை.

மொட்டை மாடிக்கு வெள்ளை டைல்ஸ் போடலாமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஏசி இருந்தா பில்லுல தெரியும். இல்லேன்னா ராத்திரி தூக்கத்துல தெரியும்.

இப்ப ஈபி கார்டை எடுத்து கடைசி ஆறு பில்லைப் பாருங்க. 500-க்கு மேல போகுதா? நாள் முழுக்க ஓடுற ஹால் ஃபேனை முதல்ல மாத்துங்க. விருந்தாளி வந்தா மட்டும் சுத்துற ஃபேனைத் தொடாதீங்க. உங்க யூனிட்டை கமெண்ட்ல போடுங்க, கணக்குப் போட்டுச் சொல்றேன்.

#மின்கட்டணம் #நம்மவீட்டுக்கணக்கு